மேட்டடார் வேனை கேம்பர் ஆக்கின கதை: காசு எங்க போச்சு, ஏன் போச்சு

பழைய மேட்டடார் வேன, உள்ளயே படுத்து சமைச்சு ஊர் சுத்துற கேம்பர் வண்டியா மாத்துனேன். முதல்லயே கணக்கைச் சொல்லிடுறேன், இல்லன்னா கடைசி வரைக்கும் அதத்தான் தேடுவீங்க. வண்டி 1,45,000. டிங்கரிங் பெயிண்ட் 85,000. என்ஜின் வேலை, பிரேக்கு, டயர் எல்லாம் சேத்து 62,000. மர வேலை முதல் தடவை 86,000, அத மொத்தமா பிரிச்சுப் போட்டுட்டு திருப்பிச் செஞ்சதுக்கு 74,000. கரண்டு வேலை 58,000. ஆக மொத்தம் 5,10,000. இந்தக் காசுக்கு ஏசி வச்ச நல்ல செகண்ட் ஹேண்ட் காரே வாங்கியிருக்கலாம்னு வீட்ல இன்னைக்கும் சொல்லுறா, அவ சொல்றதுல பிழை ஒண்ணும் இல்ல. ஒரு வருஷத்துக்கு மேல வண்டி தக்கலையில எங்க வீட்டு முத்தத்துல தார்ப்பாய் போட்டு நின்னுச்சு. யூடியூப்ல பாக்குற கேம்பர் எல்லாம் வெளிநாட்டு வேன், இல்லன்னா பெரிய சிட்டில பெரிய கடையில செய்யது. நம்ம குமரி மாவட்டத்துல இடவப்பாதிக்கு (ஜூன் வாக்குல) ஒரு மழை, ஐப்பசிக்கு இன்னொரு மழை, மழை இல்லாத நாள்ல உப்புக்காத்து, இதுக்கு நடுவுல பழைய தகர வண்டிய வச்சு இந்த வேலையச் செஞ்சா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லதுக்கு ஒரு ஆளு கெடைக்கல. அதனாலதான் இவ்வளவும் எழுதுறேன்.

மேட்டடார் ஏன்னு கேட்டா, எங்க பக்கம் அத தெரியாத ஆளே கிடையாது. கல்யாணத்துக்கு பொண்ணு வீட்டுக்குப் போறது, வேளாங்கண்ணி போறது, பள்ளிக்கூடம் போறது, தேர்தலுக்கு மைக் கட்டுறதுன்னு எல்லாத்துக்கும் அந்த வண்டிதான் ஒரு காலத்துல. பஜாஜ் டெம்போ கம்பெனி போட்டது, 2005ல அவங்கதான் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேரு மாத்துனாங்க. என்னோடது 89 மாடல், உள்ள மெர்சிடிஸ் லைசென்ஸ்ல செஞ்ச ஓ.எம். 616 டீசல் என்ஜின். இதே என்ஜின் அவங்களோட டிராக்ஸ் வண்டிலயும் வந்ததால பார்ட்ஸ் ஓரளவு கெட்டும், இந்த என்ஜின பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச வயசான மெக்கானிக் நாகர்கோவில், மார்த்தாண்டம் ரெண்டு பக்கமும் இன்னும் இருக்காங்க. என்ஜின் எனக்கு ஒரு தொந்தரவும் தரலங்கறத இங்கயே சொல்லிடணும். காசு போனது எல்லாம் என்ஜினுக்குப் பின்னாடி இருக்குற பெட்டிக்குத்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆர்சி புக்க கையில வச்சு வரி வரியா படிங்க. மூணு விஷயம். ஒண்ணு, வண்டி பிரைவேட்டா இல்ல வாடகைக்கு ஓடுனதா. ரெண்டு, எத்தன சீட்டுன்னு போட்டிருக்கு, ஏன்னா டிரைவர விட்டுட்டு ஆறு பேருக்கு மேல ஏத்துற வண்டின்னா சட்டப்படி அது ஆம்னி பஸ் வகை, காரு கணக்குல வராது. மூணாவது, பழைய ஃபைனான்ஸ்காரன் பேரு அதுல இன்னும் நிக்குதா. எனக்கு நின்னுச்சு. கடன் எப்பவோ அடைச்சாச்சு, ஆனா ஃபார்ம் 35 குடுத்து அந்தப் பேர யாருமே நீக்கல, அந்த ஃபைனான்ஸ் ஆபீஸ் இருந்த எடத்துல இப்ப செருப்புக்கடை. அந்த ஃபைனான்ஸ்காரங்கள கண்டுபிடிச்சு, கடன் பாக்கி இல்லங்கற என்ஓசி வாங்கதுக்குள்ள மாசக்கணக்குல அலைஞ்சேன். விக்கறவர்கிட்ட அத நீக்கிக் குடுத்தாத்தான் மீதிப் பணம்னு சொல்லிடுங்க, முழுப் பணமும் கைமாறிட்டா அவரு ஃபோனே எடுக்க மாட்டாரு.

அப்புறம் இந்த ‘விண்டேஜ்’ பேச்சு. பழைய வண்டிய எல்லாரும் விண்டேஜ்னுதான் சொல்லுறாங்க, ஆனா 2021ல மத்திய அரசு போட்ட விதிப்படி 50 வருஷத்துக்கு மேல ஆனாத்தான் விண்டேஜ், அதுவும் பாடி, சேசிஸ், என்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் செய்யாம ஒரிஜினலா இருக்கணும், அந்தப் பதிவு வாங்கிட்டா தினசரி ரோட்டுல ஓட்டவும் முடியாது. அதனால கேம்பர் செய்ய நினைக்கிற ஆளுக்கு அந்த வழி உதவாது. நம்ம வண்டி வெறும் பழைய வண்டி, 15 வருஷம் தாண்டுனதால அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குங்கற சர்டிபிகேட்) காட்டி ஆர்சி புதுப்பிக்கணும், கிரீன் டாக்ஸ் கட்டணும், அவ்வளவுதான். அத விடப் பெரிய விஷயம் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. ஆர்சில இருக்குற விவரம் கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாறுபடுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாது. கேரளா கேஸ் ஒண்ணுல 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியாச் சொல்லிருச்சு. நம்ம ஆளுங்க களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குள்ள போய்த்தான ஆகணும், அங்க இந்த ஆல்டரேஷன் விஷயத்துல ரொம்ப கறாரு. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் கிளெய்ம் குடுக்காம இருக்க இது ஒரு காரணம் போதும். நான் கடைசில செஞ்சது என்னன்னா, பாடிய எங்கயும் வெட்டல, கூரைல இருந்த பழைய காத்துத் திறப்பத் தவிர புது ஓட்டை போடல, உள்ள இருக்குறது எல்லாம் தனித்தனி பெட்டி, சீட்டு போல்ட்டு இருந்த அதே ஓட்டையில மாட்டுறது. சீட்ட வித்துடாதீங்க. ஆக்கர் கடைக்காரன் (பழைய சாமான் வாங்குறவன்) கிலோ கணக்குல கேப்பான், குடுக்காதீங்க, எஃப்சிக்கு அந்த சீட்டு வேணும்.

இப்ப துருவுக்கு வாரேன். வித்தவரு ‘கல்யாண ஓட்டத்துக்கு மட்டும்தான் போனது சாரே, வேற ஒண்ணுக்கும் விடல’ன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு. வெளிய பாத்தா பெயிண்ட் பளபளன்னு இருக்கு. வீட்டுக்குக் கொண்டு வந்து பின் டோருக்கு அடியில தண்ணி வடியறதுக்கு சின்னச் சின்ன ஓட்டை இருக்கும்லா, அது அடைஞ்சு கிடந்துச்சு, சைக்கிள் கம்பியால குத்திவிட்டேன். கருப்பா சேறு வந்துச்சு, அதோட மீன் செதில் வந்துச்சு. காஞ்சு மஞ்சளாகி, நகம் அளவுக்கு, விரல்ல ஒட்டுது. கல்யாணத்துக்குப் போன வண்டில சாளையும் அயிலையும் ஏறியிருக்கு, ஐஸ் உருகுன உப்புத்தண்ணி வருஷக்கணக்கா அடியில நின்னுருக்கு. தரை ரெக்சின தூக்கிப் பாத்தா வீல் ஆர்ச்சு பக்கம் தகரம் பப்படம் மாதிரி அடுக்கடுக்கா பொங்கி நிக்குது, ஸ்குரு டிரைவர வச்சு லேசா அமுத்துனேன், அந்தப் பக்கம் டயர் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு உறக்கமே இல்ல பாத்துக்கிடுங்க.

அதனால கடலோர மாவட்டத்துல வண்டி வாங்குறவங்க பெயிண்டப் பாக்காதீங்க. ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க, வீல் ஆர்ச்சு, டோரோட அடிப்பகுதி, ஃபுட்போர்டு, கண்ணாடி ரப்பரச் சுத்தி எல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா உள்ள பட்டி போட்டு மூடியிருக்கான்னு அர்த்தம். தரை மேட்ட தூக்கிக் காட்ட மாட்டேன்னு சொன்னா வண்டி வேண்டாம்னு திரும்பி வந்துடுங்க. டிங்கரிங் விடும்போதும் ‘துரு உள்ள தகரத்த வெட்டி எடுத்துட்டு புதுத் தகரம் வச்சு வெல்ட் பண்ணணும், மேல பட்டி பூசக் கூடாது’ன்னு பேசிட்டு விடுங்க, பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுங்க. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயர கழட்டிடச் சொல்லணும், இல்லன்னா ஆல்டர்னேட்டர் டயோடு போயிரும். எபாக்சி பிரைமர் அடிச்சுட்டு, கை போகாத இடுக்குல எல்லாம் துரு பிடிக்காம இருக்க கேவிட்டி வேக்ஸ்னு ஒரு மெழுகு, அத அடிக்கச் சொல்லுங்க. இது எல்லாம் முடிஞ்சு ஒரு மழை முழுசா நனையவிட்டு எங்க ஒழுகுதுன்னு பாத்த பிறகுதான் உள்ள ஒரு துண்டு மரம் ஏறணும். எனக்கு அந்தப் பொறுமை இருந்துச்சு, ரெண்டு எடம் ஒழுகுச்சு, அடைச்சேன். ஆனாலும் மரம் போச்சு. அதுதான் வேதனை.

மர வேலைக்கு வந்த ஆசாரி எங்க பக்கத்துல பேரு உள்ள ஆளு, வீட்டு வேலையில அவரு கை வச்சா ஒரு கோடு பிசகாது. பதினெட்டு எம்எம் பிளைவுட்டு, தேக்கு ரீப்பரு, மைக்கா, மேல அலமாரி, கட்டில், சமையல் மேடைன்னு கிளிமாதிரி செஞ்சு குடுத்தாரு. பாத்தவங்க எல்லாம் ‘ஏயப்பா’ன்னாங்க. சுருளோடு, குலசேகரம் வழியா பேச்சிப்பாறைக்கு ஒரு ஓட்டம் போனோம், திரும்பி வரும்போது மேல் அலமாரி கதவு ரெண்டும் தானா தொறந்து சட்டி பானை எல்லாம் பிள்ள மடியில விழுது, ஆணி அடிச்ச மூலையெல்லாம் கிரீச் கிரீச்னு கத்துது. இடவப்பாதி மழை பிடிச்சதும் தகரத்துல ஒட்டி நின்ன பிளைவுட்டோட பின்பக்கம் ஈரம் ஏறி உப்பிருச்சு, ஒழுகல் இல்ல, தகரம் வேர்க்குற தண்ணிதான். ஆவணி மாசம் பலகைய கழட்டிப் பாத்தா பின்னாடி முழுக்க வெள்ளையும் பச்சையுமா பூசணம். அவரக் குறை சொல்லவும் மனசு வரல, ஒழுங்கா உழைச்சாரு. 86,000 ரூவா. பிரிச்சதுல தேறுன மரத்த ஆறாயிரத்துக்கு எடுத்தாங்க. வீட்ல ‘சவத்த வித்துத் தொலைங்க’ன்னுட்டா. நானும் விக்கத்தான் நெனச்சேன், வாங்க வந்தவரு எழுபதாயிரம் கேட்டாரு, ரோஷத்துல குடுக்கல.

அதுக்குப் பிறகு வேற ஒரு வேலையா குளச்சல் போனப்போ கடற்கரையில ஃபைபர் வள்ளம் (படகு) ரிப்பேர் பாத்துட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். ஃபோன்ல ஃபோட்டோ காட்டுனேன். கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு சிரிச்சாரு. ‘எடே மக்கா, வீடு நிக்கும், வள்ளம் ஆடும்லா. ஆடுற சாதனத்துல ஆணி நிக்குமாடே? நீ வீட்டக் கட்டி வண்டிக்குள்ள எறக்கி வச்சிருக்க.’ எனக்கு சுருக்குன்னுச்சு. நாலு மாசம் யூடியூப் பாத்ததுல கெடைக்காதது அந்த ஆளுகிட்ட ஒரு சாயங்காலத்துல கெடைச்சுது. நம்ம மாவட்டத்துல கேம்பர் செய்யத் தெரிஞ்ச ஆளு இல்லன்னு தேடிட்டு இருந்தேன், ஆனா ஈரத்துலயும் உப்புலயும் ஆடிட்டே இருக்குற பெட்டிய வாழ்க்கை முழுக்க செஞ்சுட்டு இருக்குற ஆளுங்க குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு கரை நெடுக இருக்காங்க. ஆசாரிய விட்டுட்டு முதல்ல அங்க போங்க.

அவரு சொல்லிக் குடுத்ததும் நான் செஞ்சு பாத்ததும் கலந்து சொல்லுறேன். வேன்ல நேர்கோடு கிடையாது, சுவரு வளைஞ்சு மேல குறுகும், அதனால மட்டப்பலகை, மூலைமட்டம் வச்சு அளந்தா ஒண்ணும் சேராது. சாமான் வந்த அட்டைப்பெட்டிய வெட்டி அந்த வளைவுல வச்சு வச்சு வரைஞ்சு, அந்த அட்டைய பிளைவுட்டு மேல வச்சு அறுக்கணும். பலகைய தகரத்துல ஒட்டவே கூடாது, ஒரு விரல் கடை இடைவெளி விட்டு, கீழ தண்ணி வடிய வழி விட்டு, மேல காத்து போக வழி விட்டு நிறுத்தணும். பிளைவுட்டு வாங்கும்போது மேல ஐஎஸ் 710 முத்திரை இருக்கான்னு பாருங்க, அதுதான் மரைன் பிளை, 303ன்னு போட்டிருந்தா அது வேற தரம், கடையில ரெண்டையும் ‘வாட்டர் புரூஃப்தான் சார்’னு சொல்லி ஒரே மூச்சுல எடுத்துப் போடுவாங்க. மரைன் பிளையா இருந்தாலும் அறுத்த ஓரம் வழியாத்தான் தண்ணி குடிக்கும், ஓரம் எல்லாத்துலயும், ஸ்குரு ஓட்டைக்கு உள்ளயும் எபாக்சி ரெசின் பூசணும், வள்ளக்காரங்க அதத்தான் செய்யுறாங்க. ஆணி வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் லாக் நட்டும் போடுங்க. அலுமினிய ஆங்கிள நேரா இரும்புத் தகரத்துல வச்சு முறுக்காதீங்க, உப்பு ஈரத்துல ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பொடியாகும், நடுவுல ரப்பர் வைக்கணும். கதவு எல்லாத்துக்கும் அமுக்கித் தொறக்குற லாக்கு, காந்தக் கொக்கி எல்லாம் வீட்டு ஷோகேசுக்குத்தான் லாயக்கு.

எடை. இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம் பிளைவுட்டு ஒரு ஷீட்டு சுமாரா 35 கிலோ. பன்னெண்டு எம்எம்னா 23, ஆறு எம்எம்னா 12தான். முதல் தடவை செஞ்ச வேலையோட வண்டிய வே பிரிட்ஜுல (லாரி எடை போடுற மேடை) ஏத்திப் பாத்தப்போ சீட்டக் கழட்டுன பிறகும் காலி வண்டிய விட 340 கிலோ கூட, அதுவும் மேடை, தண்ணி, பேட்டரி மூணும் இடது பக்கமே இருந்ததால வண்டி ஒருபக்கமா சாஞ்சு நின்னுச்சு. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா 60 லிட்டர் டேங்க் வாங்கும்போது யாரும் 60 கிலோன்னு நெனைக்கறதில்ல. இப்ப கட்டில் பலகை 12 எம்எம், மத்தது எல்லாம் ஆறு எம்எம் மேல ஒரு பக்கம் ஃபைபர் போட்டது, பெட்டி எல்லாம் சேத்து 140 கிலோவுக்குள்ள நிக்குது. ஆர்சில காலி எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும், அதுக்கு நடுவுல உள்ளதுதான் ஆளு, சாமான், தண்ணி, மரம் எல்லாத்துக்கும். பிளைவுட்டு கடைக்குப் போறதுக்கு முன்னாடி வே பிரிட்ஜுக்குப் போங்க.

சூட்டுக்கு உள்ள தெர்மோகோலு, கிளாஸ் வுல்லுனு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. கிளாஸ் வுல்லு ஈரத்த பிடிச்சு வச்சுக்கிடும், நம்ம ஊருக்கு ஆகாது. ஏசி பைப்புக்குச் சுத்துற கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டு, பின்னாடி பசையோடயே வரும், அத தகரத்துல ஒரு இடம் விடாம ஒட்டிட்டேன். இது சூட்டுக்கு மட்டும் இல்ல. மூணாறுல ஒரு ராத்திரி கண்ணாடிய மூடிட்டுப் படுத்தோம், ஒட்டாம விட்டிருந்த கூரைக் கம்பியில நாங்க விட்ட மூச்சே தண்ணியாகி சொட்டுச் சொட்டா மூஞ்சில விழுந்துச்சு. எந்த ஊரா இருந்தாலும் ரெண்டு பக்கக் கண்ணாடிய ஒரு இஞ்சாவது இறக்கி வச்சுத்தான் உறங்கணும்.

கரண்டுலயும் அதே கதைதான், வீட்டுக்கு வயரிங் செய்யுற ஆளு வண்டிக்கும் வீட்டுக்குச் செய்யுற மாதிரியே செஞ்சாரு. வீட்ல 230 வோல்ட், வண்டில 12, அதனால அதே வேலைக்கு கரண்டு பல மடங்கு ஓடும், வயரு தடிமனா வேணும். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயர்ல அஞ்சு மீட்டர் தூரம் போய் பத்து ஆம்பியர் இழுத்தா போக வர ஒரு வோல்டுக்கு மேல வயர்லயே போயிரும், ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஒண்ணா ஓடும்போது ஃப்ரிட்ஜு வோல்டேஜ் பத்தாம கட்டாகி மீனெல்லாம் நாறிப் போச்சு. நாலு ஸ்கொயருக்கு மாத்துனதும் சரியாச்சு. பேட்டரில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள முதல் ஃபியூஸ் இருக்கணும், வயரு தகரத்த தாண்டுற ஓட்டையில எல்லாம் ரப்பர் வளையம் போடணும், ஆட்டத்துல தகர விளிம்பு வயர அறுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிய தூக்கி உள்ள வைக்காதீங்க, அறுபது கிலோ பக்கத்துல வரும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், படுக்குற எடத்துக்கு அடியில அது வேண்டாம். லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் நூறு ஆம்பியர் அவர் பேட்டரி பன்னெண்டு கிலோ பக்கம்தான், விலையக் கேட்டா நெஞ்சு வலிக்கும், ஆனா என் கரண்டு செலவுல வருத்தப்படாத ஒரே சாமான் அதுதான்.

கேஸ் விஷயத்துல வெளையாடாதீங்க. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா கீழதான் தங்கும், அதனால சிலிண்டர் நிக்குற பெட்டி உள்பக்கம் அடைச்சு, அடித்தளத்துல வெளிய போற மாதிரி வழி இருக்கணும். எனக்கு அப்படி ஓட்டை போட மனசு வரல, தரைய அப்பத்தான் வெல்ட் பண்ணி மூடியிருக்கேன், அதனால அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர வண்டிக்கு வெளிய இறக்கி வச்சு, பின் டோர தொறந்து விட்டு அந்த நெழல்ல சமைக்கோம். கட்டஞ்சாயாவும் கஞ்சியும் பயறும்தான, அதுக்கு இது போதும்.

காத்து பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஆரல்வாய்மொழி கணவாய்ல காத்தாலை சும்மாவா சுத்துது, ஆனி ஆடி மாசம் முப்பந்தல் தாண்டும்போது கூரைல உள்ள காத்துத் திறப்பு மூடி சரியா பூட்டாம இருந்துச்சு, ஒரே சத்தம், கண்ணாடில பாத்தா ரோட்டுல உருண்டு போகுது. பின்னாடி பைக்ல யாரும் வராதது தெய்வாதீனம். மூடிக்கு 4,500 ரூவா, கரண்டு செலவோட சேத்துப் போட்டுட்டேன், வீட்ல சொல்லல. இப்ப அதுல ஸ்டீல் கயிறு ஒண்ணு கட்டியிருக்கேன். ஆடி மாசத்துல அந்தப் பக்கம் போனா நாப்பதுக்கு மேல ஓட்டறதில்ல, உயரமான வண்டிய பக்கவாட்டுல தள்ளுது.

அடுத்த மாசம் எஃப்சி. பெட்டி எல்லாம் பதினாறு போல்ட்டுலதான் நிக்குது, கழட்டி பழைய சீட்ட மாட்ட காலையில ஆரம்பிச்சா மத்தியான சாப்பாட்டுக்குள்ள முடியும்னு கணக்கு. சீட்டு ரெக்சின எலி கடிச்சு வச்சிருக்கு, அதுக்கு தக்கலையில ஒரு சீட்டு கடைக்காரரு மூவாயிரத்து ஐநூறு கேக்காரு, மூவாயிரத்துக்கு பேசிட்டு இருக்கேன்.